மூன்று மென்பொருள்களுக்குப் பொது நிரலகம்

நூலகப் பட்டியல், கடைக்கான பில் மென்பொருள், சொல் தேடும் தளம் ஆகிய மூன்றையும் நான் பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பராமரிக்கிறேன். மூன்றிலும் தமிழ் உரையைச் சீராக்கியே ஆக வேண்டும். 'கொ'வின் துணைக்குறியை ஒரே குறியெண்ணாகவும் (கணினி ஓர் எழுத்துக்கு வைத்திருக்கும் எண்) சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இதைப் பைத்தானோடு வரும் 'யூனிகோட்டேட்டா' (unicodedata) என்ற நிரற்கூறே சரிசெய்துவிடும். 'கௌரி'யைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெளரி' என்று தட்டியிருந்தால் அதற்குத் தனி விதி வேண்டும். அந்த விதி 'கெளுத்தி' மீனைத் தொடவும் கூடாது. இவ்வளவு நுணுக்கமான நிரலை மூன்று நகல்களாக வைத்திருந்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேராது. பொதுவான நிரலை மூன்றும் எடுத்துப் பயன்படுத்தும் நிரலகமாகப் பிரித்தெடுப்பதே வழி.

அதற்காக எல்லாவற்றையும் முதல் நாளே பிரித்தெடுக்காதீர்கள். இரண்டாவது மென்பொருளுக்குத் தேவைப்படும்போது நகலெடுத்தால் போதும். மூன்றாவதும் கேட்கும்போதுதான் எது பொதுவானது, எது அந்தந்த மென்பொருளுக்கே உரியது என்று தெளிவாகத் தெரியும்.

'யூட்டில்ஸ்' (utils), 'காமன்' (common) என்று பொத்தாம்பொதுவாக நிரலகத்துக்குப் பெயர் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படிப் பெயர் வைத்தால் கண்டதெல்லாம் அதில் வந்து சேரும். எதன் காரணமாக ஒரு நிரல் மாறுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். எழுத்துச் சீராக்கம் ஒரு நிரலகம்; தொகையை 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளியிட்டுக் காட்டுவது இன்னொன்று. பில் வடிவம் மாறியதற்காகச் சொல் தேடும் தளத்தைப் புதுப்பிக்க நேர்வது வீண் வேலை.

ஒவ்வொன்றுக்கும் தனி கிட் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியமும் பதிப்பு எண்ணும் கொடுங்கள். 1.4.2 என்பதில் கடைசி எண் பிழைதிருத்தத்துக்கு, நடு எண் புதிய வசதிக்கு, முதல் எண் பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றத்துக்கு. உரை நிரலகத்தில் இங்கே கூடுதல் கவனம் தேவை. செயற்கூற்றின் (function) பெயரும் உள்ளீடும் அப்படியே இருந்தாலும், அது திருப்பித் தரும் எழுத்துவரிசை மாறினால் முதல் எண்ணைத்தான் உயர்த்த வேண்டும். தரவுத்தளத்தில் இருப்பவை பழைய வடிவில் அல்லவா கிடக்கின்றன! அவற்றையும் மாற்றும் நிரலை அந்தப் பதிப்போடு சேர்த்தே கொடுங்கள்.

மென்பொருள்கள் பதிப்பு எண் குறித்த கிட் டேகை (ஒரு பதிப்புக்கு இடும் பெயர்ச்சீட்டு) சுட்டி, பிப் (pip) என்ற பைத்தான் நிறுவு கருவி வழியாக நிறுவிக்கொள்ளட்டும். அடிக்கடி மாறும் முதன்மைக் கிளையைச் சுட்ட வேண்டாம். கிட் சப்மாட்யூலை (ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொன்றைச் செருகும் வசதி) நான் பரிந்துரைப்பதில்லை. கூடுதல் கட்டளை கொடுக்காமல் களஞ்சியத்தை நகலெடுப்பவருக்கு (குளோன்) நிரலகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோப்புறைதான் கிடைக்கும்.

வெளியிலிருந்து எடுத்த நிரலகங்களின் பிரதிகளும் உங்கள் சர்வரில் இருக்கட்டும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் (npm) என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கிடங்கிலிருந்து நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த ஏராளமான மென்பொருள்களை உருவாக்க முடியாமல் போயிற்று.

புதிய பதிப்பை வெளியிடும் முன் நிரலகத்தின் சோதனைகளோடு நிறுத்திவிடாமல், மூன்று மென்பொருள்களின் சோதனைகளையும் அதன்மேல் ஓட்டுங்கள். 'கௌரி', 'கெளரி', 'கெளுத்தி' மூன்றும் அந்தச் சோதனைகளில் கட்டாயம் இருக்க வேண்டும்.