துணியைத் திருப்பி அனுப்பக் கேட்கிறார்களா? வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஒரு செய்முறை

"அக்கா, சட்டை டைட்டா இருக்கு. மாத்திக் குடுப்பீங்களா?"

இணையத்தில் துணி விற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே இப்படி ஒரு செய்தி வந்துவிடும். எனக்கும் வந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் அலமாரி, ஒரு மேசை, கொஞ்சம் பஞ்சாபி சூட், குர்த்தா, சேலை என்று ஆரம்பித்த நேரம் அது. என்ன பதில் போடுவதென்று தெரியாமல் மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டேன். நான்காம் நாள் அந்தப் பெண்ணின் பெரியம்மா கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை மெசேஜ் போட்டுச்சாம், கிடைக்கலையாம்மா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

சுற்றிலும் தோட்டங்கள் உள்ள எங்கள் மாதிரி ஊரில் வாங்குபவர் முகம் தெரியாத ஆள் இல்லை. தோட்டத்தில் லயன் வரிசை வீட்டில் இருந்தவர்கள் இப்போது டவுன் பக்கம் தாமான் குடியிருப்பில் இருக்கலாம், பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கலாம். ஆனாலும் கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் என்றால் எல்லாரும் ஒரே பந்தலில்தான் நிற்கிறார்கள். துணி திரும்பி வருவது நட்டமில்லை. அதைச் சரியாகக் கையாளாததுதான் நட்டம்.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். யார் ரிட்டர்ன் கேட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, தவறு யார் பக்கம் என்பதை. கொரியர் காசு யார் கொடுப்பது, பணம் எவ்வளவு திரும்பும், மாற்றுத் துணி எப்போது போகும் என்ற மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வரும்.

முதல் படி: விற்கும் முன்னே விதியை எழுதிப் போடுங்கள்

"விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நாம் விவரித்தது போலவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம் வாங்குபவருக்குக் கொடுக்கும் உத்தரவாதம். நாம் ஒட்டும் அறிவிப்பால் அதை நீக்க முடியாது. கிழிந்த துணி போனாலோ, பச்சை கேட்டவருக்கு நீலம் போனாலோ பொறுப்பு நம்முடையதுதான்.

ஆனால் "பிடிக்கலை", "வேற கலர் வேணும்" என்று மனம் மாறினால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அது நாமே வைத்துக்கொள்ளும் விதி. எடுப்பதா, எத்தனை நாளுக்குள், யார் செலவில் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் விதி இவ்வளவுதான்: பார்சல் கிடைத்து 3 நாளுக்குள் சொல்ல வேண்டும், டேக் கழற்றியிருக்கக் கூடாது, துவைத்திருக்கக் கூடாது. மனம் மாறினால் வேறு துணி மாற்றிக்கொள்ளலாம், போக வர கொரியர் அவர்கள் செலவு. ஃபால் அடித்த சேலை, தைத்த ரவிக்கை, உள்பாவாடை ஆகியவற்றைக் குறை இருந்தால் மட்டுமே திருப்பி எடுப்பேன்.

இதை முகநூல் பக்கத்தில் ஒரு தடவை போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் காசு வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக அனுப்புங்கள். அதோடு உங்கள் வியாபாரப் பெயர், பதிவு எண், முகவரி, தொடர்பு எண், முழு விலை, எத்தனை நாளில் பார்சல் போகும் என்பதும் பக்கத்தில் தெரிய வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது 2013-இலிருந்தே உள்ள கடமை. இன்னும் வியாபாரத்தை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதியாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60.

இரண்டாம் படி: டேப்பை எடுங்கள்

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். எனக்கு வரும் ரிட்டர்னில் பெரும்பாலானவை அளவுப் பிரச்சினை. அளவுப் பிரச்சினையில் பெரும்பாலானவை, "எல் சைஸ்" என்று மட்டும் எழுதியதால் வந்தவை. ஒரு மொத்த வியாபாரியின் எல், இன்னொருவரின் எம்மாக இருக்கும். ஒரே வியாபாரியிடமே இந்த லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் வரும்.

அதனால் எழுத்தை நம்பாதீர்கள். துணியை மேசையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 20 அங்குலம் வந்தால் மார்புச் சுற்றளவு 40. அதே மாதிரி இடுப்பு, கையின் மேல்பகுதிச் சுற்றளவு, தோளிலிருந்து கீழ் வரை உயரம். கையின் சுற்றளவைப் பலர் அளப்பதே இல்லை. குர்த்தா உடம்புக்குச் சரியாக இருந்து கை ஏறாமல் திரும்பி வருவதுதான் எனக்கு அதிகம். ஒவ்வொரு சைஸிலும் ஒரு துணியையாவது இப்படி அளந்து, "இது துணியின் அளவு, உடம்பின் அளவு அல்ல" என்றும் சேர்த்து எழுதுங்கள். உடம்பு 38 என்றால் துணி 40 அல்லது 41 இருந்தால்தான் மூச்சு விட வசதியாக இருக்கும்.

வாங்குபவரிடம், "உங்களுக்கு நல்லாப் பொருந்துற சட்டை ஒண்ணை விரிச்சு அளந்து அனுப்புங்கம்மா" என்று கேளுங்கள். வயதானவர்கள் என்றால் மகளையோ மருமகளையோ அளக்கச் சொல்லுவேன். இரண்டு நிமிட வேலை, ஒரு ரிட்டர்னை மிச்சப்படுத்தும்.

நிறத்துக்கு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மஞ்சள் விளக்கில் அரக்கு சிவப்பாகிவிடும், மயில் பச்சை நீலமாகிவிடும். லைவில் விற்பவர்கள் ரிங் லைட்டில் காட்டிய துணியைப் பகலிலும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். பருத்தித் துணி என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கத்தில் ஓர் ஓரம் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்ன குறைக்கு யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

மூன்றாம் படி: பார்சல் கட்டும்போது

ஒரு தீபாவளி நேரத்தில் ஈப்போவுக்குப் போக வேண்டிய சேலை தெலுக் இந்தானுக்கும், தெலுக் இந்தான் சூட் ஈப்போவுக்கும் போய்விட்டது. பத்துப் பார்சலைக் கட்டி அடுக்கிவிட்டு, பிறகு உட்கார்ந்து வரிசையாக லேபல் ஒட்டினேன். அதுதான் காரணம். இரண்டு வீட்டிலும் பண்டிகைத் துணி. நாங்களே கார் எடுத்துப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து ஒரு பார்சல், ஒரு லேபல், அப்புறம்தான் அடுத்தது. கட்டும்போது கைப்பேசியை நிறுத்திவைத்து வீடியோ எடுக்கிறேன்: துணியின் முன்பக்கம், பின்பக்கம், சைஸ் டேக், பை, லேபல். 30 விநாடி. இரண்டு மாதம் வைத்திருந்து அழித்துவிடுவேன்.

நான்காம் படி: செய்தி வந்ததும்

அன்றே பதில் போடுங்கள். முடிவு சொல்ல வேண்டியதில்லை, பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் போதும். நான் அனுப்புவது இது:

"வணக்கம்மா, மெசேஜ் பார்த்தேன். கவலைப்படாதீங்க, பார்த்துச் செய்வோம். மூணு படம் அனுப்புங்க: துணி முழுசா, பிரச்சினை இருக்கிற இடம் கிட்டத்துல, டேக். பார்சல் மேல இருக்கிற லேபலையும் ஒரு படம். மாத்தணுமா, காசு திருப்பணுமான்னும் சொல்லுங்க."

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பலருக்குக் காசு வேண்டாம், சரியான சைஸ்தான் வேண்டும். நாமே பயந்து காசைத் திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பித்தால் ஒரு விற்பனை போய்விடும். குரல் பதிவாக அனுப்பினால் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னது இதுதானே" என்று எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். பிறகு பேச்சு மாறாது.

ஐந்தாம் படி: தவறு யார் பக்கம்?

கிழிசல், கறை, தையல் விட்டது, தவறான நிறம், தவறான சைஸ், நான் எழுதிய அளவுக்கும் துணிக்கும் பொருத்தமில்லை. இவை என் பக்கம். வாதமே வேண்டாம். திருப்பி அனுப்பும் கொரியர் காசு நான் கொடுக்கிறேன், மாற்றுத் துணி அனுப்பும் காசும் நான்தான். மாற்றுத் துணி கையில் இல்லாவிட்டால் முழுப் பணம், அவர் முதலில் கட்டிய கொரியர் காசும் சேர்த்து. 89 ரிங்கிட் சூட், 8 ரிங்கிட் கொரியர் என்றால் 97-ஐ அப்படியே திருப்புவேன். அந்த 8 ரிங்கிட்டைப் பிடித்துக்கொண்டால், பிழை என்னுடையதாக இருக்க, செலவு அவர் தலையில் விழுகிறது.

அளவை எழுதியிருந்தும் அளக்காமல் வாங்கியது, நிறம் பிடிக்காதது, வேறு கடையில் மலிவாகப் பார்த்தது. இவை அவர் பக்கம். என் விதிப்படி மாற்றிக் கொடுப்பேன், கொரியர் அவர் செலவு. மரியாதையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நடுவில் ஒன்று உண்டு. பை கிழிந்து மழையில் நனைந்து வந்தது. வழியில் கெட்டாலும் வாங்குபவருக்கு விற்றது நான்தான். அவருக்கு முதலில் தீர்த்துவிட்டு, பையின் படத்தோடு கொரியரிடம் நான் புகார் செய்வேன். "நீங்களே கொரியர்ல கேளுங்க" என்று வாங்குபவரை அலையவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஷாப்பி, லஸாடா, டிக்டாக் ஷாப் வழியாக விற்றால் அங்குள்ள விதிதான் விதி. பணத்தைத் தளம் பிடித்துவைத்திருக்கும், பதில் சொல்லக் கெடுவும் இருக்கும். கெடு தாண்டினால் உங்களைக் கேட்காமலே பணம் திரும்பிவிடலாம். அறிவிப்பைத் தினமும் பாருங்கள்.

ஆறாம் படி: திரும்பி வரும் பார்சல்

உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் ஒரே செய்தியில், அப்படியே படியெடுத்து ஒட்டும்படி அனுப்புங்கள். கொரியர் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. லயன் வீட்டில் எண் சரியாக இருக்காது, பார்சல் வாசலில் பாதுகாவலரிடமோ தோட்ட அலுவலகத்திலோ நின்றுவிடும். ஆளைத் தேடிக் கிடைக்காமல் எனக்கே திரும்பிய பார்சல்கள் உண்டு. அதை ரிட்டர்ன் கணக்கில் போடாதீர்கள். ஆர்டர் வாங்கும்போதே, "அலுவலகத்துல விடச் சொல்லலாமா, யார் பேர்ல?" என்று கேட்டு லேபலிலேயே எழுதிவிடுங்கள்.

தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்குள் என்றால், பழகிய வாடிக்கையாளருக்குத் துணி திரும்பி வரும்வரை காத்திருக்காமல் மாற்றை உடனே அனுப்பிவிடுவேன். பண்டிகை முடிந்து போய்ச் சேரும் சூட்டினால் யாருக்கு என்ன பயன்? புதியவர் என்றால், கொரியரில் போட்ட ரசீது வந்ததும் அனுப்புவேன்.

ஏழாம் படி: பிரித்துப் பார்ப்பது

இதையும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். கழுத்துப் பட்டையில் பவுடர், அக்குளில் வியர்வைத் தடம், அடி மடிப்பில் தூசி, அத்தர் வாசம், சேலையில் பின் குத்திய ஓட்டை. உடுத்தியிருந்தால் இந்த ஐந்தில் ஒன்றாவது காட்டிக்கொடுத்துவிடும். நான் குற்றம் சாட்டுவதில்லை. படத்தை அனுப்பி, "கழுத்துல பவுடர் தெரியுதும்மா, இதை இன்னொருத்தருக்கு விக்க முடியாது, அதனால திரும்ப எடுத்துக்க முடியலை, துணியை அனுப்பிவைக்கிறேன்" என்று மட்டும் சொல்லுவேன்.

எட்டாம் படி: பணத்தைத் திருப்புவது

துணி சரியாக இருந்தால் அன்றே. நாளை என்று தள்ளாதீர்கள். காசு வந்த அதே கணக்குக்கே டியூட்நவ் வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "தவறுதலா கூட அனுப்பிட்டேன், மீதியைத் திருப்புங்க" என்று ரசீதைக் காட்டுபவர்கள் உண்டு. ரசீதுப் படத்தைத் திருத்துவது சுலபம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து காசு உண்மையாகவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் கணக்குக்குத் திருப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி, டிஏசி ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே உங்கள் வங்கிக்கோ 997-க்கோ அழையுங்கள். அது தேசிய மோசடிப் புகார் மையத்தின் எண்.

யாராவது "டிரிபியூனலுக்குப் போவேன்" என்றால் பதற வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் யாரும் பதியலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. கட்டும்போது எடுத்த வீடியோ, அளவு அட்டை, வாட்ஸ்அப் பேச்சு, ரசீது ஆகியவை உங்களிடம் இருக்கட்டும்.

கடைசியாக, ஒரு நோட்டு

பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, பெயர், துணி, காரணம், யார் பக்கம், எவ்வளவு செலவு. மாதக் கடைசியில் காரணங்களை மட்டும் எண்ணுவேன். போன தைப்பூசத்துக்கு முன் எண்ணியபோது, ஒரே மாடல் குர்த்தா நான்கு தடவை "கை இறுக்கம்" என்று திரும்பியிருந்தது. நான்கையும் வாங்குபவர் பக்கம் என்று எழுதியிருந்தேன். எடுத்து அளந்தால் கையின் சுற்றளவு நான் போட்டதைவிட ஓர் அங்குலம் குறைவு. முதல் லாட்டில் எடுத்த அளவையே இரண்டாம் லாட்டுக்கும் போட்டிருக்கிறேன். நான்கு பேருக்கும் அழைத்துச் சொல்லி, அவர்கள் கட்டிய கொரியர் காசைத் திருப்பி அனுப்பினேன். மீதமிருந்த ஒன்பது குர்த்தாவையும் மறுபடி அளந்து, படத்தில் அளவை மாற்றிவிட்டுத்தான் அன்று அலமாரியைப் பூட்டினேன்.