வாசலில் மகிழமரம்: வடசென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு, ஊட்டி என்று போய்விட்டுத் திரும்பும்போது காரில் ஒரு சில்வர் ஓக் கன்றையும் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்று, மிளகுக்கொடியைச் சுமக்கிற அந்த ஆஸ்திரேலிய மரம் அங்கே அழகுதான். தண்டையார்பேட்டையின் உப்புக்காற்றும் கத்திரி வெயிலும் அதற்குச் சரிப்படாது. பலத்த காற்றுக்குக் கிளையும் லேசில் முறியும். வெளிநாட்டுப் படங்களில் வரும் அசல் ஓக், குளிர்நாட்டு மரம். அதைக் கேட்கவே வேண்டாம்.

அடர்ந்த தலை, வருஷம் முழுக்கப் பச்சை, வாசனைப் பூ. இதுதான் ஆசை என்றால் நம் ஊரிலேயே மகிழம் இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் தலமரம் அது. சுந்தரர், தாம் மணந்த சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழடியில்தான் என்பதால், மாசி உற்சவத்தில் மகிழடி சேவை நடக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கோயில்காரர்கள் காத்து வந்த மரத்தைவிட வேறு என்ன சிபாரிசு வேண்டும்?

மகிழம் நிதானமாக வளரும். அது பொறுக்காமல் நர்சரியில் இருப்பதிலேயே உயரமான கன்றைத் தூக்கி வருகிறோம். சின்னப் பையில் ரொம்ப நாள் நின்ற கன்றின் வேர், பையின் சுவரில் முட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் அதே வட்டத்திலேயே தடிக்கும். மேலே தலை கனக்கும், கீழே பிடிமானம் இருக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் குல்மோகரும் இயல்வாகையும் வரிசையாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு வேர்ப்பிடிப்பின் அருமை தெரியும். மூன்று நான்கு அடிக் கன்று போதும், ஆனால் குச்சி கட்டாமலே நிமிர்ந்து நிற்கவேண்டும். பையின் அடியைப் புரட்டிப் பாருங்கள். வேர் கொத்தாக வெளியே வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள். லேசாகச் சுற்றியிருந்தால் நடும்போது பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி விடலாம். பையைக் கிழிக்காமல் புதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல!

குழி இரண்டடிக்கு இரண்டடியாவது வேண்டும். தோண்டும் முன் கீழே மின் கேபிளோ குழாயோ போகிறதா என்று விசாரித்துவிடுங்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டிய இடமென்றால் ஓரடி ஆழத்திலேயே செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வரும். அதையே திரும்பத் தள்ளி மூடக்கூடாது. செம்மண்ணும் நன்றாக மக்கிய எருவும் கலந்து போடுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கத்து மணலில் எரு சற்றுக் கூடுதலாக வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்ந்த இடங்களில் சிக்கல் வேறு: களியில் வெட்டிய குழி மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அங்கே தரைக்கு அரையடி மேலே மண்மேடு கட்டி அதில் நடவேண்டும். எங்கே நட்டாலும் தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். 'ஆழமாகப் புதைத்தால் சாயாது' என்பது நம்பிக்கைதான், தண்டு அழுகும்.

ஏப்ரல், மே வேண்டாம். ஆடி, ஆவணியில் நட்டால் மாலை நேர இடிமழையில் வேர் பிடித்து, ஐப்பசி அடைமழைக்குத் தயாராகிவிடும்.

இனி தண்ணீர். வடசென்னையில் கன்று பட்டுப்போவதற்கு, ஊற்றாமல் விட்டதைவிட ஊற்றிய தண்ணீரே அதிகம் காரணம் என்பது என் கணிப்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது 1960களின் இறுதியிலேயே தெரிந்த விஷயம். கரையோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதைத் தினமும் ஊற்றினால் உப்பு வேர்ப்பகுதியில் தங்கி, இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும். அதைப் பார்த்துவிட்டு 'சத்துக் குறைவு' என்று யூரியா போடுவார்கள்; அதுவும் உப்பைப் போலவே வேரைச் சுடும், கன்று இன்னும் சீக்கிரம் போகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுவது இன்னொரு நல்லெண்ணத் தவறு. மெஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்மெஷின் சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

எது ஊற்றலாம்? மெட்ரோ தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மொட்டைமாடியில் பிடித்த மழைநீர். ஏசி குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. பக்கெட் வைத்துப் பிடிக்கலாம். போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால் தினம் ஒரு சொம்பு தெளிப்பதை விட்டுவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றுங்கள். மேலே தங்கும் உப்பு கொஞ்சம் கீழே இறங்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் இலையில் தூசியும் சாம்பலும் படிகிற தெருக்களில், மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரால் இலையையும் அவ்வப்போது கழுவி விடலாம்.

ஆட்டுக்குப் பயந்து கூண்டு வைப்பது சரிதான். வைத்ததையே மறந்துவிடுவதுதான் தப்பு. தண்டு பெருத்துக் கம்பியில் உரசும். கட்டிய கட்டுக்கம்பி பட்டைக்குள் புதையும். கம்பிக்குப் பதிலாகப் பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டி, வேர் பிடித்ததும் அவிழ்த்துவிடுங்கள். சீரியல் செட்டுக்கும் கட்சித் தட்டிக்கும் ஆணி அடிக்க விடாதீர்கள்.

மின்கம்பிக்கு நேர் கீழே நட்டுவிட்டு வருஷா வருஷம் தலையை மொட்டையடிப்பதைவிட, ஆரம்பத்திலேயே சில அடி தள்ளி நடுவது மேல். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை மட்டும் மழைக்கு முன் எடுத்தால் போதும். மகிழம்பழம் விழுந்து வாசல் பிசுபிசுக்கிறது என்று தண்டைச் சுற்றி டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், மூன்றடிச் சதுரமாவது வெறும் மண்ணாக விட்டுவிட்டு ஒட்டட்டும். விழுகிற பழத்தைத் தெருப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள். தின்னக்கூடியதுதான், கொஞ்சம் துவர்க்கும்.