இடிந்த மெட்ராஸ் டெரஸை மறுபடி போடுவது எப்படி

தேக்குச் சட்டங்கள்மேல் மெல்லிய செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போடும் மச்சுதான் மெட்ராஸ் டெரஸ். அப்படிப்பட்ட மச்சு விழுந்த பழைய வீட்டில் இடிபாட்டை உடனே லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். தேக்குச் சட்டம், உடையாத அச்சுக்கல் (மெல்லிய செங்கல்), தட்டோடு (மேலே பதிக்கும் தட்டையான ஓடு) எல்லாவற்றையும் தனித்தனியாக அடுக்குங்கள். சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கிண்ணென்று கேட்டால் நல்ல மரம், பொத்தென்றால் உள்ளே கரையான். பல சட்டங்களில் சுவருக்குள் சொருகிய ஒரு அடிதான் இற்றிருக்கும். அதை அறுத்தெறிந்தால் மீதி சின்ன அறைக்கு உதவும்.

அந்த முனை ஏன் இற்றது? புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துச் சுவர்கள் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், பின்னால் யாரோ பூசிய சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். ஆகவே இந்த வேலையில் ஒரு கரண்டி சிமென்ட்கூடக் கூடாது, சீக்கிரம் இறுகட்டும் என்று யார் சொன்னாலும் சரி. சட்டமுனையில் வேப்பெண்ணெய் ஊறவிட்டு, கருங்கல் பலகைமேல் உட்கார வைத்து, சுற்றிலும் ஒரு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். சட்டங்களுக்கு இடைவெளி ஒன்றரை அடி.

சுட்ட சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் விட்டு நீற்றி, வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். நீறாத பருக்கை தங்கிவிட்டால், பூசி மாதங்கள் கழித்துக்கூட ஈரம் குடித்துப் பொரிந்து, பூச்சில் குழி விழும். கலக்க நல்ல தண்ணீர் வேண்டும். கடற்கரைத் தெருக்களின் போர்வெல் தண்ணீர் கரித்தால் தொடாதீர்கள். கடல் மணலும் ஆகாது.

அச்சுக்கல் என்பது 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள மெல்லிய செங்கல். கால் அங்குலச் சாந்து வைத்து நூறு சதுர அடிக்கு 1,850 கல் ஆகும், சேதாரத்தோடு 2,000 வாங்குங்கள். சுண்ணாம்பு ஒன்று, சலித்த மணல் ஒன்றரை என்ற சாந்து. அறையின் ஒரு மூலையில் தொடங்கி, கல்லைக் குத்தாக நிறுத்தி, சட்டங்களுக்கு 45 பாகை கோணத்தில் வரிசை ஓட்ட வேண்டும். அடியில் சென்ட்ரிங் பலகை கிடையாது. முந்தின வரிசையின் முகத்தில் சாந்தோடு கல்லை அழுத்தி, பிடிக்கும்வரை கையை எடுக்காமல் நிற்பதுதான் கொத்தனாரின் திறமை. கல் விழுகிறதென்றால் பெரும்பாலும் அது நனையாத கல்: சாந்தின் தண்ணீரை ஒரே நொடியில் குடித்துவிடும். குமிழி அடங்கும்வரை தொட்டியில் ஊறவைத்து, மேல்நீர் வடிந்ததும் எடுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் நேர்க்கோட்டில் வரக்கூடாது. போட்ட தளத்தில் ஒரு வாரம் யாரும் ஏறக்கூடாது.

அதன்மேல் செங்கல் ஜல்லி. முக்கால் அங்குலத்துக்கு உடைத்த ஜல்லி 32 கன அடிக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ கன அடி, மணல் சேர்க்காமல். இது நூறு சதுர அடிக்கு 4 அங்குலம் பரப்பக் காணும், அடித்து முடித்தால் 3 அங்குலமாக இறங்கும். தண்ணீர் வடிய வாட்டம் 50 அடிக்கு ஒரு அடி.

அடிப்பதில் அவசரப்பட்டால் மச்சு ஒழுகும். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுக்கட்டையால் ஏழு நாளாவது அடிக்க வேண்டும், இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி. முதல் நாள் கட்டை புதையும், சுண்ணாம்புப் பால் மேலே வரும். கட்டை துள்ளித் திரும்பி, தடம் பதியாமல் போகும் நாளில்தான் நிறுத்தலாம். பிறகு பத்து நாள் வைக்கோலை நனைத்துப் போர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும், அதை அடைக்கச் சிமென்ட் பால் ஊற்றினால் வெடிப்பு பெரிதாகும்.

தையில் தொடங்கினால் பங்குனிக்குள் தட்டோடும் பதித்துவிடலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014இல் இடிந்தது கார்த்திகை மழையில்தான். அந்த மழைக்கு முன் சாந்து நன்றாக இறுகியிருக்க வேண்டும். தட்டோடு இரண்டு வரிசை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல். கடைசியாகத் தூம்பை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி ஒரு நாள் நிறுத்துங்கள். கீழே நின்று ஒவ்வொரு சட்டமுனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.