பழைய பாய்ப்படகும் அதன் டீசல் எஞ்சினும்: தண்ணீரின் வழியே ஒரு பராமரிப்பு

சென்னையில் பழைய பாய்ப்படகு வைத்திருப்பவர், அதைக் கரையேற்றிப் பழுதுபார்க்கப் பொங்கல் கழிந்து வாடைக்காற்று தணிந்த வாரங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் ஒரே சமயத்தில் பழுதுபார்ப்புக்கு வருவதால், டீசல் மெக்கானிக்கோ ஃபைபர் வேலை தெரிந்தவரோ லேத் பட்டறைக்காரரோ நம்முடைய சிறு வேலைக்கு அப்போது எளிதில் கிடைக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ, காற்றிலுள்ள ஈரம் ஃபைபர் வேலையைக் கெடுத்துவிடும்.

இங்கே சொல்லப்படுவது 25 முதல் 35 அடி நீளமும், உள்ளே பொருத்திய சிறு டீசல் எஞ்சினும் உடைய ஃபைபர் படகுக்குப் பொருந்தும். இத்தகைய எஞ்சின் ஓடித் தேய்ந்து கெடுவதைவிட, தண்ணீர் வர வேண்டிய இடத்துக்கு வராமலோ, வரக் கூடாத இடத்துக்கு வந்தோ கெடுவதே அதிகம். அதனால் பராமரிப்பை நான் தண்ணீரின் வழியிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

கடல்நீர் படகின் அடியிலுள்ள வால்வில் நுழைந்து, வடிகட்டியைக் கடந்து, ரப்பர் இம்பெல்லர் (இதழ்களுள்ள சுழலி) உள்ள பம்பினால் இழுக்கப்பட்டு, வெப்பமாற்றியில் எஞ்சினின் நன்னீரைக் குளிர்வித்து, புகைக்குழாயின் வளைவில் புகையோடு கலந்து, சைலன்சர் வழியாகப் பின்புறம் வெளியேறுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் அழுத்த விளக்கு அணைந்ததா என்று பார்த்த கையோடு, பின்புறம் சென்று புகையுடன் தண்ணீர் பீச்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் கடலின் வெதுவெதுப்பில் ஒரு மாதம் சும்மா நின்ற படகின் வால்வு வாயிலும் புரொப்பல்லரிலும் கொட்டலசு என்னும் ஓடுள்ள கடலுயிர் ஒட்டி வளர்ந்துவிடும். முன்னதால் எஞ்சின் சூடேறும், பின்னதால் வேகம் குறைந்து கரும்புகை வரும். கரும்புகையைக் கண்டதும் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் ஒருவரைத் தண்ணீரில் இறக்கிப் புரொப்பல்லரைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வால்வை மூடிவிட்டுப் பம்பின் மூடித் திருகுகளைக் கழற்றி, இம்பெல்லரை நேராக வெளியே இழுத்தபின், அதன் இதழ்களை ஒன்றுவிடாமல் எண்ணுங்கள். ஓர் இதழ் குறைந்தாலும், அந்த ரப்பர் துண்டு அநேகமாக வெப்பமாற்றியின் வாயில் சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புதியதைப் பொருத்தினால், அடுத்த மாதமும் எஞ்சின் சூடேறும், குற்றம் புதிய இம்பெல்லர் மேல் விழும். புதியதைக் கிளிசரின் தடவி, அது சுழலும் திசைக்கேற்ப இதழ்களை மடித்துச் செருக வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். வெப்பமாற்றியில், அதன் உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் குச்சி இருந்தால் அதையும் அன்றே கழற்றிப் பார்த்து, பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். புகைக்குழாய் வளைவுக்குள் கரியும் உப்பும் சேர்ந்து இறுகிவிடுவதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதையும் கழற்றி உட்புறம் சுரண்ட வேண்டியிருக்கும்.

டீசலில் கலக்கும் தண்ணீர் வேறு கதை. பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவில் காற்றின் ஈரம் வியர்த்து அடியில் தேங்க, டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்பான வழவழப்பாகப் படியும். படகு துறைமுகத்துக்குள் அமைதியாக நிற்கும்வரை இது தெரியாது. வெளியே அலையில் ஆடும்போது கலங்கி, ஃபில்டரை அடைத்து, எஞ்சின் வேண்டிய நேரத்தில் நின்றுவிடும். டேங்கை நிரப்பி வைப்பதும், முதல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பார்ப்பதும் போதுமான காவல். தண்ணீர் இருந்தால் குப்பியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

ஃபில்டர் மாற்றியபின் குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்காமல் எஞ்சின் ஓடாது. டேங்கின் டேப்பைத் திறந்து, எஞ்சின் மேலுள்ள ஃபில்டரின் ஏர் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் சிறு கைப்பிடியை மேலும் கீழும் அசைக்க, முதலில் நுரையும் பிறகு குமிழில்லாத டீசலும் வரும். அப்போது திருகை முடுக்கிவிட்டு, இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் அதையே செய்ய வேண்டும். கைப்பிடி அசைந்தும் டீசல் வரவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்: பம்பைத் தள்ளும் கேம் (எஞ்சினோடு சுழலும் மேடு) உச்சியில் நின்றிருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மீண்டும் அசைத்துப் பாருங்கள்.

இந்த வேலையின்போதுதான் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை என்று கடல்நீர் வால்வைத் திறந்து வைத்தபடியே செல்ஃப் மோட்டாரை மீண்டும் மீண்டும் அடித்தேன். எஞ்சின் ஓடாதபோதும் பம்ப் சுழன்று தண்ணீரை அனுப்பும். அதைத் தள்ளி வெளியேற்றப் புகையின் அழுத்தம் இல்லாததால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டது. ‘டக்’கென்ற ஒரே ஒலியோடு எஞ்சின் இறுகி நின்றது. நாசில்களைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரைப் பீச்ச வைத்து, மோர்போல் வெளுத்துப்போன ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி ஓட்டி, அதையும் வடித்து, மறுபடியும் ஊற்றி அன்றிரவே ஓட்டியதால் எஞ்சின் பிழைத்தது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் துருவேறி உள்ளே பிடித்திருக்கும். நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் வால்வை மூடிவிடுங்கள். எஞ்சின் பற்றிக்கொண்ட நொடியே திறந்துவிடுங்கள். மறக்காமல் இருக்க, எஞ்சின் சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வைக்கிறேன்.

புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில், பேக்கிங் கயிற்றை அடைத்துத் தண்ணீரைத் தடுக்கும் பழையபாணிக் கிளாண்டில், ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது பழுதல்ல. அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. சொட்டே விழக் கூடாது என்று நட்டை இறுக்கினால் ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். பேக்கிங் கயிற்றைச் சுருளாகச் சுற்றாமல், தனித்தனி வளையங்களாக வெட்டி, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று வராதபடி திருப்பி அடுக்க வேண்டும். ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் நேர்கோட்டில் உள்ளனவா என்பதைக் கரையில் பார்ப்பது வீண். தண்ணீரில் இறக்கியபின் படகின் உருவம் சிறிது மாறும் என்பதால், ஒரு நாளாவது மிதக்கவிட்டு, இணைப்புத் தட்டுகளின் இடைவெளியைச் சுற்றிலும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்க வேண்டும். 100 மி.மீ. தட்டுக்கு 0.1 மி.மீ. வேறுபாடு வரை பொறுக்கலாம்.

மழைநீரும் தன் வழியைத் தேடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் அடித்தகடு மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் பூச்சு வெடித்திருந்தால், நீர் இறங்கித் தளத்தின் ஃபைபர் படலங்களுக்கு நடுவிலுள்ள மரத்தை உளுத்துப்போகச் செய்வதோடு, காற்றுப்படாத இடுக்கில் ஸ்டெயின்லெஸ் தகட்டையே அரித்துவிடும். அங்கே ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் ‘டங்’ என்னும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். கம்பியின் மீது பஞ்சை உருவிக்கொண்டு போனால், இழை அறுந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் படகைத் துறையிலேயே இறுகக் கட்டி, கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அவ்வளவு நேரம் கழித்து எஞ்சினை நிறுத்தி, ஷாஃப்ட் அசைவற்று நின்றபின் கிளாண்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டைச் சற்றே தளர்த்தி மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.