ஆராதனை இசை படிக்க அமெரிக்கா போக நினைக்கிறீர்களா?

வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் நகரில் 1971இல் தொடங்கிய லிபர்ட்டி போன்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் இசையையும் ஆராதனையையும் சேர்த்தே படிக்கலாம். ஆனால் மதிப்பெண் பட்டியலை அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்வது வேறு, இசைத் துறை சேர்த்துக்கொள்வது வேறு. இரண்டாவதற்கு ஆடிஷன் உண்டு, அதாவது பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும்.

குரலோ கிட்டாரோ பியானோவோ, உங்கள் முதன்மைக் கருவி எதுவென்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் எத்தனை பாடல், எந்த பாணி, வீடியோ அனுப்பலாமா என்பதையெல்லாம் அந்தத் துறையின் பக்கத்திலேயே படித்துவிடுங்கள், ஏனென்றால் இது இடத்துக்கு இடம் மாறும். சபையில் பல வருடம் காதால் கேட்டே கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்து வாசித்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஸ்டாஃப் நொட்டேஷனில்தான், அதாவது ஐந்து கோடுகளில் சுரங்களை எழுதும் முறையில். கோட்டில் இருக்கும் சுரத்தைப் பார்த்ததும் பாடவோ வாசிக்கவோ பழகாமல் போனால் முதல் வருட இசைக் கோட்பாட்டு வகுப்பு திணறடித்துவிடும். பாடகராக இருந்தாலும் கொஞ்சம் பியானோ கேட்பார்கள், இப்போதே தொடங்கிவிடுங்கள்.

சில இடங்களில் போதகரின் பரிந்துரைக் கடிதமும் உங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையும் வேண்டும். அதை அலங்காரமாக எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். வெளிநாட்டு மாணவர் என்றால் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, பணம் இருப்பதற்கான சான்று, இடம் கிடைத்ததும் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், அதை வைத்து எஃப்-1 என்ற மாணவர் விசா, இவையெல்லாம் வேண்டும்.