ஸ்டியரிங் வீல் நேராக நின்றால் மட்டும் போதாது

வைகாசி மழை கொட்டிய ஓர் இரவு. புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காயம் இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு வத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேலியகொடையில் குறுக்கே பாய்ந்த மோட்டார் சைக்கிளுக்கு விலகி இடப்பக்கம் வெட்டினேன். இடது முன்சக்கரம் கொங்கிறீற் கட்டில் மோதி நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால் முன்சக்கரங்களை நேராக நிறுத்தினால் ஸ்டியரிங் வீல் கால்வட்டம் திரும்பி நின்றது.

மறுநாள் பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், "வீலைக் கழற்றி நாலு பல் தள்ளிப் போட்டால் நேராகிவிடும், அண்ணன்" என்றார். வீல் நேராகிவிடும், கீழே வளைந்தது வளைந்தபடியே கிடக்கும். பாரம் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் வரும்போது அது முறிந்தால், முன்னால் போகும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது? அவரை அனுப்பிவிட்டு, மருமகனைக் கூட்டிக்கொண்டு நானே லொறிக்கு அடியில் புகுந்தேன்.

என்னுடையது பழைய 14 அடி கன்டர். முன்னால் ஒரே துண்டான இரும்பு அக்சில், தகட்டு ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங். இதே அமைப்புள்ள லொறிகளுக்கு நான் சொல்வது பொருந்தும். இடிபட்ட லொறியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், இழுத்து வாருங்கள். காப்புறுதிக்காரர் பார்க்கும்வரை ஒரு நட்டையும் தொடாதீர்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

மழை ஊறிய மண்ணில் ஜக் புதையும். கொங்கிறீற் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, அக்சிலை இரும்பு ஸ்டாண்டில் இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடப் படுக்கக் கூடாது. பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் பெரும்பாலும் எதிர்மரை; வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நெம்பி ஸ்டட் முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். சக்கரங்களை நேராக்கி, முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். எனக்கு இடப்பக்கம் 12 மில்லிமீற்றர் குறைந்தது. ஸ்பிரிங்கின் நடு போல்ட் அறுந்து, அக்சில் பின்னால் நகர்ந்திருந்தது. இதை அளக்காமல், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ரொட்டைத் திருகியிருந்தால், எத்தனை நாள் திருகினாலும் லொறி ஒரு பக்கம்தான் இழுத்திருக்கும். நடு போல்ட்டைக் கழற்றினால் தகடுகள் விசையோடு விரியும் என்பதால் அந்த வேலையை ஸ்பிரிங் கடையில் கொடுத்தேன். ஸ்பிரிங்கை அக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போடச் சொன்னேன்.

அடுத்தது ரொட்டுகள். வீல் தண்டின் அடியில் இருக்கும் ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து வரும் பிட்மன் கையையும் வலது சக்கரத்தையும் இணைப்பது டிராக் லிங்க். இரு சக்கரங்களையும் இணைப்பது டை ரொட். ரொட்டுகளின் பந்துமூட்டு முனைகளைக் கழற்ற, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள். ஆனால் முழுதாகக் கழற்றாமல் சில மரையில் விட்டுவையுங்கள். முனை உட்கார்ந்திருக்கும் கையின் பக்கவாட்டில் கனமான சுத்தியல் ஒன்றை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். மரையின் தலையில் அடித்தால் எல்லாமே வீண்.

கழற்றிய டை ரொட்டை வீட்டு டைல்ஸ் தரையில் உருட்டினோம். ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டது. வளைவு உறுதி. ஆனால் எல்லா வளைவும் விபத்தின் வளைவல்ல. டிராக் லிங்க்கைச் சில லொறிகளில் தயாரிக்கும்போதே வளைத்துத்தான் செய்கிறார்கள். ஆகவே புளூமெண்டால் வீதியில் நின்ற இன்னொரு கன்டரின் உரிமையாளரிடம் கேட்டு, அதன் அடியில் படுத்து என்னுடையதோடு ஒப்பிட்டேன். என் டிராக் லிங்க்கில் பழுதில்லை.

வளைந்த டை ரொட்டோடு, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் கடை நானாவிடம், "நானா, இதைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறோம் என்கிறார்களே?" என்றேன். அவர் ரொட்டைக் கையில் வாங்கி வளைவை வருடிப் பார்த்தார். "தம்பி, சிவக்கச் சூடாக்கினால் இரும்பின் பதம் போய்விடும். பிறகு இது ரொட் இல்லை, கம்பி" என்றார். ஒரு முறை வளைந்த இடத்தைக் குளிரவைத்தே நிமிர்த்தினாலும், அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தொடங்கியிருக்கலாம். கதவும் பம்பரும் பாவித்ததாக வாங்கலாம். ரொட்டும் முனைகளும் புதிதாகவே வாங்குங்கள்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க என் அப்பா காட்டித் தந்த முறையை இன்றும் விடவில்லை. சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் கை, பிட்மன் கை இரண்டையும் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விடுங்கள். பழந்துணியால் ஈரமில்லாமல் துடைத்து, சுண்ணக்கட்டியைப் பொடித்துப் பூசுங்கள். பிறகு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் தலைமயிர் போல ஒரு கறுத்த கோடு எழும். கோடு தெரிந்தால் அந்தத் துண்டை மறந்துவிடுங்கள். ஒட்டவைக்கிறேன் என்று யாரையும் வெல்டிங் பிடிக்க விடாதீர்கள்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றால் குறை பெயாரிங்கில். தொடர்ந்தால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னில்.

ஸ்டியரிங் பொக்ஸைப் பார்க்க டிராக் லிங்க்கைக் கழற்றிவிட வேண்டும். இஞ்சினை நிறுத்திவைத்து, வீலை ஒரு முடிவிலிருந்து மறு முடிவுவரை மெதுவாகத் திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நடுவில் எங்கும் கரடு தட்டக் கூடாது. பிட்மன் கை உட்காரும் தண்டின் பற்களை டோர்ச் அடித்துப் பாருங்கள். அவை நேராக ஓடாமல் கயிற்றின் முறுக்குப் போலச் சாய்ந்திருந்தால் தண்டு முறுகிவிட்டது. பொக்ஸையே மாற்ற வேண்டும். பிட்மன் கையைக் கழற்றுவதானால், முதலில் தண்டிலும் கையிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள்.

எண்ணிய சுற்றில் பாதி திருப்பினால் பொக்ஸ் நடுவில் நிற்கும். சக்கரங்களையும் நேராக நிறுத்துங்கள். இப்போது டிராக் லிங்க் வலிந்து தள்ளாமல் தன் துளையில் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எங்கோ இன்னும் ஒன்று வளைந்திருக்கிறது, தேடுங்கள். அக்சிலோ சேசியோ வளைந்திருப்பது தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, அளவுக் கருவிகள் உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

புது முனைகளில் கைத்துளைக்குள் இறங்கும் கூம்பைத் துடைத்து உலர்ந்தபடியே பூட்டுங்கள், அங்கே கிரீஸ் வேண்டாம். கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை பொருந்தாவிட்டால் இன்னும் சற்று இறுக்கித்தான் பொருத்த வேண்டும். தளர்த்திப் பொருத்தக் கூடாது. பழைய பின்னை மீண்டும் போடாதீர்கள்.

டை ரொட்டின் ஒரு முனை நேர்மரை, மறுமுனை எதிர்மரை. ஆகவே ரொட்டைத் திருகினால் இரு சக்கரங்களும் சேர்ந்து விரியும் அல்லது குவியும். வளைந்த ரொட்டின் நீளத்தை அளந்து புதியதற்கு வைப்பது பிழை, வளைந்தபோதே அது குறுகிவிட்டது. டயரின் நடுவில் சோக்கால் கோடு போட்டு, லொறியை இறக்கிச் சில அடி முன்னே தள்ளி, ஹப் உயரத்தில் முன்பக்க இடைவெளியை அளந்தோம். பிறகு அதே கோடு பின்னால் வரும்வரை அரைச் சுற்று உருட்டி மீண்டும் அளந்தோம். கையேட்டில் இருக்கும் வித்தியாசம் வந்ததும் கிளாம்ப்பை இறுக்கினோம். மருமகனுக்கு இந்த வேலைதான் மிகவும் பிடித்திருந்தது. மூன்று முறை அளந்தான், மூன்றும் ஒத்துவந்தன.

பவர் ஸ்டியரிங் எண்ணெய் ஹோஸைக் கழற்றியிருந்தால் உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். முன்சக்கரங்களைத் தூக்கி, இஞ்சின் நின்றிருக்க, வீலை இருபக்கமும் மெதுவாகப் பல முறை திருப்பி, குறையும் எண்ணெயை ஊற்றுங்கள். பிறகு இஞ்சினை இயக்கி, டாங்கியில் நுரை அடங்கும்வரை மீண்டும் திருப்புங்கள். கசிவைத் தேட அட்டையைப் பிடியுங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் கைத்தோலைத் துளைக்கும்.

ஞாயிறு அதிகாலையில், வெறும் லொறியை ஆளில்லாத ஒழுங்கையில் நடை வேகத்தில் ஓட்டினேன். வளைவில் பிடியைத் தளர்த்தியபோது வீல் தானாகத் திரும்பி நேராக வந்தது. திங்கட்கிழமை சக்கரங்களின் கோணங்களைக் கருவியால் அளக்கும் அலைன்மெண்ட் பார்க்கக் கொடுத்தேன். அந்தச் சீட்டு வரும்வரை ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. ஒரு கிழமை ஓடியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கினேன். இடப்பக்கத்தில் இரண்டு, கால் திருப்பம் இடம் கொடுத்தன.