பழைய சன்பேக் ஷீட்டில் சைக்கிள் மட்கார்டு செய்வது எப்படி?

மழைக்காலத்தில் மும்பையின் சயான் கோலிவாடாவிலிருந்து மாட்டுங்காவுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெரியும், வழியில் கிங்சர்க்கிளில் தேங்கும் தண்ணீர் முதுகை விடக் காலைத்தான் அதிகம் பதம்பார்க்கும். சீட்டுக்கு அடியில் மாட்டும் குட்டை மட்கார்டு முதுகை மட்டுமே காக்கும். முன்சக்கரம் இறைக்கும் சேறு ஷூவிலும் செயினிலும் அடிக்கும். அதனால் கீழே வரை இறங்கும் மட்கார்டுதான் வேண்டும்.

தேவையானவை: கடைக்காரர்கள் கழித்துப்போடும் சன்பேக் (உள்ளே வரிவரியாக இடைவெளி ஓடும் பிளாஸ்டிக் ஷீட்) விளம்பரப் பலகை (கேட்டு வாங்குங்கள்), 10 கேஜ் ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இரண்டு மீட்டர், கேபிள் டை, பழைய டியூப், பின்சக்கரத்துக்கு இரண்டு 5 எம்எம் போல்ட், வாஷர். கம்பிக்குப் பதில் பழைய ஸ்போக் போதுமே என்று தோன்றும். போதாது. 26 இஞ்ச் சக்கரத்தின் ஸ்போக் சுமார் 26 செ.மீ.தான், ஆக்ஸிலிலிருந்து (சக்கரத்தின் நடு அச்சு) மட்கார்டு வரை 35 செ.மீ. வேண்டும்.

முதலில் ஷீட்டை வெட்டுங்கள். 1.95 இஞ்ச் டயர் ஏறக்குறைய 5 செ.மீ. அகலம். அதற்கு 10 செ.மீ. அகலப் பட்டை சரியாக இருக்கும்: நடுவில் 6, இருபுறமும் 2. பின்னால் 110 செ.மீ., முன்னால் 75 செ.மீ. நீளம். ஷீட்டுக்குள் ஓடும் வரிகள் நீளவாக்கில் இருப்பது முக்கியம். குறுக்கே வெட்டினால் ஓரம் நேராக மடியாது.

அப்புறம் மடிப்பு. ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்திக் கோடு போட்டு, ஓரங்களைக் கோடு போட்ட பக்கமாக மடியுங்கள். மடித்த ஓரத்தில் 5 செ.மீ.க்கு ஒரு வெட்டு கொடுத்தால் பட்டை சக்கரத்தோடு வளையும், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் 90 செ.மீ. கம்பி வெட்டி ப வடிவில் வளையுங்கள். கம்பி மட்கார்டின் மேல்பக்கமாகக் குறுக்கே போக வேண்டும். சுட்ட ஆணியால் துளையிட்டுக் கேபிள் டையால் கட்டுங்கள். டையின் தலை வெளிப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் டயரில் உரசும்.

இப்போது பொருத்தலாம். பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒன்றரை செ.மீ. தடிமனுள்ள துண்டுகள் மூன்றை டயர்மேல் வைத்து, மட்கார்டை அதன்மேல் உட்கார வையுங்கள். இடைவெளி எங்கும் ஒரே அளவாக வரும். பின்மட்கார்டைப் பிரேக் அருகிலும் பெடல் அச்சுக்குப் பின்னாலும் ஃபிரேமில் கட்டி, கம்பி நுனிகளை வளையமாக்கி ஆக்ஸில் அருகே உள்ள துளைகளில் போல்ட் போடுங்கள். துளை இல்லாத சைக்கிளா? டியூப் துண்டைச் சுற்றி அதன்மேல் கேபிள் டை.

முன்மட்கார்டின் மேல்பகுதியை ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவை) தலைப்பகுதியில் இறுக்கிக் கட்டுங்கள். கீழே கம்பி நுனிகளுக்கு மட்டும் போல்ட் வேண்டாம், தயவுசெய்து. குச்சியோ துணியோ சிக்கினால் மட்கார்டு சுருண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆளைத் தலைக்குப்புறத் தள்ளும். மெல்லிய கேபிள் டை போட்டால் அது அறுந்து சக்கரத்தை விட்டுவிடும். பையில் நான்கு டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முன்மட்கார்டின் கீழ்நுனியில் டியூப்பை விரித்து வெட்டித் தொங்கவிடுங்கள், தரையிலிருந்து 10 செ.மீ. வரை. பாதி நன்மை இந்தத் துண்டில்தான். செருப்புத் துண்டுகளை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், ஹேண்டிலை இருபுறமும் திருப்பி ஷூ இடிக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சாலையில் தேங்கிய தண்ணீரில் மெதுவாக ஓட்டுங்கள். ஷூவில் இன்னும் சேறு பட்டால் டியூப் துண்டை இன்னும் அகலமாக வெட்டி மாட்டுங்கள்.